சொன்னதைச் சொன்னபடி

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் நேற்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடமிருந்து ஷூ பாலிஷ் வாசம் வந்தது. போனில் அக்காவோடு ஒன்றுமில்லாத விஷயத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தேன். சட்டென்று நிறுத்திக்கொண்டேன். நீங்கள் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது அண்ணே. அந்த வாசம் வந்தால் எனக்கு இன்னும் வாய் அடைத்துக்கொள்கிறது.

விளாங்குடியில் நாம் படித்த சமுதாயக் கல்லூரியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் வகுப்பு. வரலாறு, இலக்கியம், அரசியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லித்தரும் கலைப் படிப்பு. இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும் என்று எல்லோரும் கேட்டார்கள். பன்னிரண்டாவதோடு நின்றுபோன எனக்குப் படிக்க ஆசை, அவ்வளவுதான். உங்களுக்கு ஏன் அந்த ஆசை? முப்பது வருடம் போலீசில் இருந்து ஓய்வு பெற்றவருக்கு எங்களோடு பெஞ்சில் என்ன வேலை? பாலிஷ் மணக்கும் அதே பழுப்பு போலீஸ் ஷூ, ஒட்ட வெட்டிய முடி. எங்களில் யார் பேசினாலும் தலை நிமிராமல் நோட்டில் எழுதுவீர்கள். ஆசிரியை பேசும்போது மட்டும் பேனா நின்றுவிடும்.

எங்கள் தெருவிலிருந்து போன பிணத்தைப் பொதுப்பாதையில் மறித்த கதையை ஒருநாள் வகுப்பில் சொன்னேன். மறித்தவர்களை விட்டுவிட்டு என் அப்பா மேல்தான் போலீசார் வழக்குப் போட்டார்கள். அவர் சொல்லாததை எல்லாம் வாக்குமூலமாக எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள். சொல்லி முடித்துப் பார்த்தால் உங்கள் பேனா ஓடிக்கொண்டிருந்தது. "யாரோ அனுப்பித்தான் வந்திருக்காரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னேன். அடுத்த வாரம் வகுப்பில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நீங்கள் டீ குடிக்கப் போன நேரத்தில் நோட்டை எடுத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒருவர் பெயர். என் பெயருக்குக் கீழே நான் சொன்னது அத்தனையும், அப்பாவின் பெயர் உட்பட. நீங்கள் திரும்பி வந்ததும் எல்லோர் முன்னாலும் அதை நீட்டினேன்.

"இத யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன். உட்கார்ந்துவிட்டீர்கள்.

"யாருக்கும் இல்லம்மா. ஸ்டேஷன்ல நான் வாக்குமூலம் எழுதுற ரைட்டரு. சனங்க ஒண்ணு சொல்லும், மேல இருக்கவுக வேற ஒண்ணு சொல்லுவாக. மேல சொன்னதத்தான் எழுதுவேன். அம்புட்டு வருசமும் அப்படித்தான். ஒருத்தவுக சொன்னதச் சொன்னபடி என்னால எழுத முடியுமான்னு பாக்க வந்தேன்."

"எங்கப்பாவுக்கும் நீங்கதான் எழுதுனீங்களா?"

"எந்த ஸ்டேஷன்?"

சொன்னேன்.

"அங்க நான் வேல பாக்கலம்மா." நோட்டை வாங்கிக்கொண்டு சொன்னீர்கள்: "பாத்திருந்தா எழுதித்தான் இருப்பேன்."

முதலில் சொன்னதை நான் நம்பவில்லை. இரண்டாவதை நம்பினேன். என் பக்கத்தைக் கிழித்து என்னிடமே கொடுத்தீர்கள். படிப்பு முடியும்வரை ஒரே வகுப்பில் இருந்தோம். மறுபடி அதைப் பற்றி நாம் பேசவில்லை.

வண்டியூரில் உங்கள் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தபோதும், சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களில் அந்த ஸ்டேஷன் பெயர் தெரிகிறதா என்றுதான் தேடினேன். உங்கள் மனைவியிடம் கேட்க வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன். சந்தேகம் இன்னும் என்னோடுதான் இருக்கிறது. தாளும் இருக்கிறது.

போன வாரம் அதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார்.

"ஆமா, இப்படித்தான் நடந்துச்சு. எழுதுனது யாரு?"

"கூடப் படிச்ச அண்ணன்" என்றேன்.