தரகர் புரதம்

12-6-2003, சோளக்காடு
மிளகு விளைவிக்கும் கருப்பண்ணனையும் வியாபாரியையும் ஒரே சாக்கின் மேல் உட்கார வைத்தேன். ஒன்பது மூட்டை கைமாறியது. தரகன் நான்; விளைவிப்பதுமில்லை, வாங்குவதுமில்லை. மிச்ச நேரமெல்லாம் ஊர்வம்பு. கருப்பண்ணன் மருமகள் கோபித்துக்கொண்டு போனது வரை எனக்குத் தெரியும். என் மனைவி நஜிமாவின் மார்பில் ஒரு மாதமாகக் கட்டி இருப்பது தெரியாது. நேற்றுதான் சொன்னாள்.

"முன்னாலயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா பொழுது சாயறதுக்குள்ள மலைக்கு அந்தப் பக்கம் பைல் நாடு வரைக்கும் போயிருமுங்களே!"

20-6
புற்றுநோய்தான். பரவவில்லையாம். அறுவை சிகிச்சைக்கு நாள் ஜூலை 2.

21-6
மகள் ஷாஹிஸ்தா சென்னையில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்கிறாள். போனில் கேட்டேன், ஏன் கண்ணு இப்படி வருதென்று.

"செல்லுக்குள்ள 'வளரு'ன்னு ஒரு சேதி கைமாறிப் போகும் அத்தா. கொடுக்கற புரதத்தையும் வாங்கற புரதத்தையும் பக்கத்துல பிடிச்சு வெக்கறதுக்குன்னே ஒரு புரதம் இருக்கு. சாரப் புரதம். ஊடு கட்டச் சாரம் நிக்குமில்ல, அது மாதிரி."

"அட, தரகன்!"

"நீங்களேதான். சில புற்றுநோய்ல அது ஓயாம சேதி கடத்துது. அம்மாவுக்கும் அதுதானான்னு தெரியாது."

சிரித்தேன். போனை வைத்ததும் கருப்பண்ணனிடம் சொல்லக் கிளம்பினேன்.

2-7
அறுவை நடக்கவில்லை. எல்லாம் என் வாய்! ஒருத்தர் விடாமல் சொல்லியிருந்தேன். ஆளாளுக்கு உதவக் கிளம்பிவிட்டார்கள். மச்சான் காலித் வேறு டாக்டரிடம் காட்ட ரிப்போர்ட்டோடு சேலத்தில். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருவதாகச் சொன்ன அக்கா நசீபா, நஜிமாவோடு ஈரோட்டு நாட்டு வைத்தியரிடம். ஆஸ்பத்திரியில் நான் மட்டும். "நோயாளி எங்கே?" என்றார் டாக்டரம்மா.

ஷாஹிஸ்தா திட்டவில்லை. "சாரப் புரதம் அளவுக்கு மீறினாலும் இப்படித்தான் அத்தா. ஒண்ணு கொடுக்கறவனைப் பிடிச்சுக்கும், இன்னொண்ணு வாங்கறவனை. ரெண்டு பேரும் பாத்துக்கவே முடியாது."

3-7
காலித்திடமிருந்து ரிப்போர்ட்டை வாங்கினேன். அக்காவிடமிருந்து நஜிமாவை. பஸ்ஸில் கேட்டாள்: "ஒரு பக்கத்தை எடுத்துட்டா... அப்பறம் என்னைப் பார்ப்பீங்களா?"

"இருபத்தாறு வருசமா இந்தத் தொப்பையைப் பார்க்கறியே, நான் கேட்டனா?"

அடித்தாள். பிறகு அழுதாள். நானும்தான் – எழுதினால் என்ன?

டாக்டரம்மா எதிரில் அவளை உட்கார வைத்தேன். இருவரும் பேசினார்கள். நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் அவளே, "சரிங்க, செஞ்சுருங்க" என்றாள்.

9-7
முடிந்தது. கண் விழித்தாள். யாருக்கும் சொல்லவில்லை.

4-9
இடது கையைத் தூக்கிப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். காலையில் என் சட்டையைக் கொடியில் போடப் போனாள். எட்டவில்லை. மறுபடி தூக்கினாள். ரோட்டிலிருந்து கருப்பண்ணன், "ஏனுங்க, ஊட்ல எப்படி இருக்காங்க?" என்றார்.

"அவளையே கேளுங்க" என்றேன்.

கொடியைப் பிடித்த கையை இறக்காமலே, "நல்லாயிருக்கேனுங்க" என்றாள்.