ராஜாக்களுக்கு ரெகுலேட்டர் ஒத்துவராது, மாமா

அன்பும் அவசரமும் கூடவே பிறந்த என் மாமாவுக்கு,

நீங்கள் கண்மூடி ஐந்து மாதம் ஆகிறது. முதலில் ஒரு செய்தி: ஃபேன் ரெகுலேட்டர் விஷயத்தில் நீங்கள் சொன்னது தப்பு.

போச்சம்பள்ளிக் கம்பெனியில் உங்களுக்குப் பேக்கிங் வேலை; ஷிப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஊருக்கே எலக்ட்ரீசியன். போன கிறிஸ்துமஸுக்குக் கோயில் குடிலில் மூன்று ராஜாக்களையும் வட்டப் பலகையில் நிறுத்தி, பழைய கிரைண்டர் மோட்டாரை மாட்டிச் சுற்றவிட்டீர்களே, ஞாபகம் இருக்கிறதா? குழந்தை இயேசுவைப் பார்க்க வந்தவர்கள் மாதிரியா இருந்தார்கள்? ஷிப்ட் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். ஒட்டகம் பறந்துபோய்ப் பாடகர் குழுவில் விழுந்தது. "அடுத்த வருஷம் ஒரு ரெகுலேட்டர் போட்டா அடங்கிரும் மச்சான்" என்றீர்கள்.

இந்த வருஷம் நான் போட்டேன். எல்லாம் அக்காவுக்காகத்தான். நீங்கள் போனதிலிருந்து அவள் தையல் மிஷினைத் திறக்கவில்லை, கோயிலுக்கும் வருவதில்லை. உங்கள் குடில் ஓடுகிறது என்றால் பார்க்கவாவது வருவாள் என்று ஓர் ஆசை. ஐந்தில் வைத்தேன், ஓட்டம். மூன்றில் வைத்தேன், அதே ஓட்டம். ஒன்றில் வைத்ததும் மோட்டார் 'ம்ம்ம்' என்று முனகியது, ராஜாக்கள் அசையவில்லை, புகை மட்டும் வந்தது. ஃபாதர் சாம்பிராணி என்று நினைத்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

மோட்டாரைத் தூக்கிக்கொண்டு ஓசூர் போனேன். ரீவைண்டிங் கடைக்காரர் கன்னடத்துக்காரர். மோந்து பார்த்தார்.

"ஃபேன் ரெகுலேட்டரா? பேடா சார், வேணாம். இந்த மோட்டாருக்குக் கரண்ட் கொறைச்சா மெதுவா ஓடாது, உள்ள சுத்தியிருக்கிற கம்பிக் காயில்தான் தீஞ்சு போகும். பெல்ட் ஓடுற சக்கரத்தை, புல்லியை, பெரிசா போட்டுப் பாருங்க. த்ரீ ஃபேஸ் மோட்டாருக்கு மாறி, வேகத்தைக் கொறைக்கிற ட்ரைவும் போடலாம், மூணு பொம்மைக்கு அது எதுக்கு? வீட்ல தையல் மிஷின் மோட்டார் இருக்கா? அது மிதிக்கிற அளவுக்குத்தான் ஓடும்."

அக்காவிடம் கேட்டேன். மிஷினின் மூடியை முந்தானையால் துடைத்தாள். பிறகு, "உன் காலுக்கு அது அடங்காதுடா. உங்க மாமா மாதிரியே மிதிச்சுத் தொலைப்ப. நானே வர்றேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குடிலுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பலகைக்கு அடியில் சைக்கிள் ரிம் வைத்து, மோட்டாரிலிருந்து பெல்ட் இழுத்திருந்தேன். லேசாக மிதித்தாள். ராஜாக்கள் நடந்தார்கள் மாமா, நிஜமாகவே நடந்தார்கள். குழந்தைக்கு எதிரே வந்ததும் காலை எடுத்தாள், நின்றார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். எட்டிப் பார்த்தேன், அக்கா அழுதுகொண்டே மிதித்துக்கொண்டிருந்தாள். எனக்கும் தாங்கவில்லை. நீங்கள் இருந்திருக்கலாம்.

திரும்பும்போது மோட்டாரைக் கழற்றி மிஷினிலேயே மாட்டச் சொன்னாள். மறுநாள் காலை அவள் வீட்டில் தைக்கிற சத்தம் கேட்டது. கொஞ்சம் ஓடியது, நின்றது. நான் வாசலிலேயே நின்றேன். மறுபடி ஓடியது.

கிறிஸ்துமஸுக்கும் ராஜாக்கள் திருநாளுக்கும் வருகிறேன் என்றிருக்கிறாள். மோட்டாரைக் கொண்டுபோவதும் திரும்ப மாட்டுவதும் என் பொறுப்பு, இது சத்தியம். எவ்வளவு வேகம் என்பதை மட்டும் அவளே பார்த்துக்கொள்ளட்டும். நாங்கள் யாரும் அவசரப்படுத்த மாட்டோம்.

இப்படிக்கு,
உங்கள் ஒரே மச்சான்,
ஆரோக்கியம்