ஆறு மாதச் சம்பளச் சீட்டு

லிங்கன், இங்கிலாந்து
4 அக்டோபர் 2016

என் ஜவாத்துக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாமியும் நயீமாவும் சுகம்தானே? தினமும் தொலைபேசியில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று சிரிக்காதே. நாம் புருஷன் பெண்டாட்டிதான் என்பதற்குக் கடிதமும் சாட்சியாம். வக்கீல் சொன்னார்.

உன்னை விசாவில் இங்கே அழைக்க, இந்த நாட்டுச் சட்டப்படி நான் வருடத்துக்குப் பதினெட்டாயிரத்து அறுநூறு பவுண்டு சம்பாதிக்க வேண்டும். துணிக்கடையில் அதில் பாதிதான் கிடைத்தது. அதனால் கோழி ஆலையில் சேர்ந்துவிட்டேன். கூடுதல் நேரமும் பார்த்தால் எட்டிவிடும். ஆறு மாதச் சம்பளச் சீட்டைக் காட்டினால் போதும்.

வேலையைச் சொல்கிறேன், முகம் சுளிக்காதே. கொக்கியில் தலைகீழாகக் கோழிகள் வரும். வயிற்றுக்குள் கையை விட்டுக் குடலை இழுத்துப் போட வேண்டும். உள்ளே இன்னும் சூடாக இருக்கும். அந்தச் சூட்டைத்தான் தாங்க முடியவில்லை. முதல் நாள் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். மேற்பார்வையாளன் கடிகாரத்தைக் காட்டி, "வாந்தி எடுக்குற நேரத்துக்குச் சம்பளம் கிடையாதும்மா" என்றான். எலுமிச்சை தேய்த்துக் குளித்தும் நாற்றம் போகவில்லை. பேருந்தில் என் பக்கத்து இருக்கை காலியாகவே வருகிறது. நான் வீட்டுக்கு வந்ததும் வாப்பா ஜன்னலைத் திறக்கிறார்.

போகட்டும். ஆறு மாதம்தானே.

உன் கிஸ்லான்


லராஷ், மொராக்கோ
19 அக்டோபர் 2016

என் கண்ணே கிஸ்லான்,

வ அலைக்கும் ஸலாம். நாற்றமாவது ஒன்றாவது! நீ எப்படியிருந்தாலும் எனக்கு ஆரஞ்சுப் பூ வாசம்தான். இங்கே துறைமுகத்தில் மத்தி மலிந்து கிடக்கிறது. நயீமா மல்லித்தழை அடைத்துப் பொரித்தாள். உன் பங்கையும் நானே தின்றுவிட்டேன், மன்னித்துக்கொள்.

ஒரு விஷயம். அம்மாவிடமும் சிநேகிதர்களிடமும் நீ அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். தங்கை நயீமா இறால் உரிக்கப் போவதையே நான் வெளியே சொல்வதில்லை, உனக்குத் தெரியும். அம்மாவோடு பேசும்போது கோழிப் பேச்சை எடுத்துவிடாதே. கோபமில்லையே?

நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்,
ஜவாத்


லிங்கன்
12 ஜனவரி 2017

அன்பு ஜவாத்,

எழுத்து கோணலாக இருக்கும். இடது கையால் எழுதுகிறேன். போன வாரம் இறக்கை வெட்டும் பகுதிக்கு மாற்றினார்கள். கத்தி வழுக்கி வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. ஆறு தையல். கோழி அழுக்கு உள்ளே போனதால் சீழ் பிடித்துவிட்டது. கட்டைப் பிரிக்கும்போது எழும் வாடையில் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை.

மூன்று வாரம் வேலைக்குப் போகக்கூடாதென்று மருத்துவர் சொல்லிவிட்டார். நோய்விடுப்புக்குக் கொடுப்பது சொற்பம், அது ஆறு மாதச் சராசரியைக் கீழே இழுத்துவிடும். ஜனவரியைத் தள்ளிவிட்டு, பிப்ரவரியிலிருந்து மறுபடி ஆறு மாதம் காட்ட வேண்டும் என்கிறார் வக்கீல்.

இதைச் சொன்னதிலிருந்து இரண்டு நாளாக நீ தொலைபேசியை எடுக்கவில்லை. கோபமா? நான் வேண்டுமென்றா வெட்டிக்கொண்டேன்?

கிஸ்லான்


லராஷ்
25 ஜனவரி 2017

அன்பு கிஸ்லான்,

உன் கைக்காக துஆ செய்கிறேன். ஆனால் மூன்று வாரம் எதற்கு? கையுறை மாட்டிக்கொண்டு போயிருக்கலாமே. இடது கையால் பெட்டி அடுக்கக்கூட விடமாட்டார்களா? இங்கே என் நிலைமை உனக்குப் புரியவில்லை. காப்பிக் கடையில் கால் வைக்க முடியவில்லை. "என்னடா மாப்ள, மகாராணி இன்னும் டிக்கெட் அனுப்பலையா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள்.

இன்னொன்று. இங்கே ஒருவரிடம் விசாரித்தேன். விசா இரண்டரை வருடத்துக்குத்தானாம். அதற்குப் பிறகு மறுபடி இதே வருமானம் காட்ட வேண்டுமாம். அதனால் நான் வந்தபிறகும் ஆலையை விட்டுவிடாதே. என்னையும் அங்கே சேர்த்துவிடலாம் என்று சொன்னாயே, அது சரிவராது. ரத்தத்தைப் பார்த்தால் எனக்குத் தலை சுற்றும். தகுதியான வேலை கிடைக்கும்வரை நீ பார்த்துக்கொள்.

இந்தக் கடிதத்தை மட்டும் வக்கீலிடம் கொடுக்காதே.

ஜவாத்


லிங்கன்
6 ஆகஸ்ட் 2017

ஜவாத்துக்கு,

உன் கடைசி மூன்று கடிதங்களுக்கும் நான் பதில் எழுதவில்லை. காரணம் சொல்லிவிடுகிறேன்.

மார்ச்சில் நயீமா கூப்பிட்டாள். தற்செயலாகக் கையைப் பற்றிச் சொன்னேன். பாவம், அவளுக்குத் தெரியவே இல்லை. "கை வெட்டுப்பட்டுச்சா? அவன் எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லல அண்ணி" என்று அழுதாள். பிறகு அடக்கி வைத்ததையெல்லாம் கொட்டினாள். "ஐஸ் ஆலை வேலைய கல்யாணம் முடிஞ்ச மறுவாரமே விட்டுட்டான். எப்படியும் போகப்போறவன் எதுக்கு ஐஸ் சுமக்கணும்னான். இப்ப நான் இறால் உரிச்சுக் கொண்டுவர்றதுலதான் வீடு ஓடுது. ஆனா என் கை நாறுதாம், ஒரே தட்டுல சாப்பிடமாட்டேங்கறான். அவனுக்குத் தனித் தட்டு வைக்கச் சொல்றான்."

தொலைபேசியை வைத்துவிட்டு என் கையை முகர்ந்து பார்த்தேன். ஆலையின் அருவருப்பு இரண்டு வாரத்தில் பழகிவிட்டது ஜவாத். இது பழகாது.

விசாவைப் புதுப்பிக்கும்போது நம் இருவர் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம். இதை நீ விசாரித்த ஆள் சொல்லவில்லையா, அல்லது நீ கேட்கவே இல்லையா?

அதற்குப் பிறகும் நான் ஆலைக்குப் போனேன். ஏன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. பெண்டாட்டியால் அந்தத் தொகையை எட்ட முடியவில்லை என்று உன் காப்பிக் கடையில் நீ சொல்லிவிடக்கூடாது என்ற வீம்பாக இருக்கலாம். எட்டிவிட்டேன். பிப்ரவரி முதல் ஜூலை வரை ஆறு சீட்டும் என்னிடம் இருக்கின்றன. கேட்ட தொகைக்கு மேலேயே வருகிறது.

விண்ணப்பம் போடப்போவதில்லை. பிரிவுக்கு எந்தப் பத்திரத்தில் கையெழுத்து வேண்டுமோ அதை அனுப்பு, போட்டுத் தருகிறேன். மாமிக்கு நீயே சொல். என்ன வேலை பார்த்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்.

வெள்ளிக்கிழமை ஆலையிலிருந்து நின்றுவிட்டேன். செப்டம்பரிலிருந்து பள்ளிப் பேருந்தில் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப் போய்வரும் வேலை. காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம். அந்தச் சம்பளத்தைக் காட்டி யாரையும் இந்த நாட்டுக்குள் அழைக்க முடியாது. அது தெரிந்துதான் அந்த வேலைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

கிஸ்லான்