என் நாற்காலிக்கு ஆள் தேவை

பிப்ரவரி 27, 2007, செவ்வாய்

இன்றும் அதே தலைவலி. இணையச் சூதாட்டக் கம்பெனி இருப்பது ஜிப்ரால்டரில். அதன் கம்ப்யூட்டர் வேறொரு தீவில். பணம் கட்டித் தோற்கிறவன் ஐரோப்பாவில் ஏதோ ஒரு சோபாவில். வரி எந்த நாட்டுக்கு? ஆடுகிறவன் உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கா, கம்பெனிப் பலகை தொங்கும் நாட்டுக்கா? டெக்ஸாஸின் பிளானோவில் உட்கார்ந்து இதற்கு நாற்பது பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நானோ ஒரு லாட்டரிச் சீட்டுகூடத் தொட்டதில்லை.

கல்யாணமான நாளிலிருந்து லத்தீஃபாவிடம் 'வெளிநாட்டு வரி வேலை' என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன். பொய் இல்லை. சரி, உண்மையா?

மார்ச் 1

கிரீன் கார்டுக்கு முதல் படி. என் வேலைக்கே ஞாயிறு பேப்பரில் விளம்பரம் கொடுப்பார்களாம். தகுதியுள்ள அமெரிக்கர் யாரும் வரவில்லை என்றால்தான் எனக்குக் கார்டு. மேனேஜர் கிருபைராஜ் சிரிக்கிறார்: "ஆஃப்ஷோர் கேம்ப்ளிங் டேக்ஸ், லண்டன் கிளையன்ட் எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டிருக்கோம் நூர். டெக்ஸாஸ்ல உங்கள விட்டா எவன் இருக்கான்?"

யார் விண்ணப்பித்தாலும் நான் குறுக்கே வரக் கூடாது என்று வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

மார்ச் 4, ஞாயிறு

விளம்பரம் வந்துவிட்டது. ஒன்றரை அங்குலம். அவ்வளவுதான் நான்.

மார்ச் 5

பேப்பரில் ஓட்டை. விளம்பரம் இருந்த இடத்தில்!

"என்னங்க, உங்க ஆபீஸ்ல ஆள் எடுக்குறாங்க, வீட்ல ஒரு வார்த்த சொன்னீங்களா? டேக்ஸ் வேலைன்னு பாத்ததும் முழுசாக்கூடப் படிக்காம கட் பண்ணி தஹ்ஸீன் ஆன்ட்டி கிட்ட குடுத்துட்டேன். ஹஃப்சா நாலு மாசமா வேலையில்லாம இருக்கால்ல, பாவம்."

பக்கத்து ஊர் ஆலனில் இருக்கும் தஹ்ஸீன் ஆன்ட்டியின் மகள் ஹஃப்சா. இங்கேயே பிறந்தவள். வரியில் மாஸ்டர்ஸ். இரண்டு வருஷம் லண்டனில் வேலை வேறு.

யா அல்லாஹ்! பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

மார்ச் 8

ஹஃப்சா போன். "அங்கிள், ஐ அப்ளைட்! பெட்டிங் கம்பெனி ஆடிட்தான் லண்டன்ல பண்ணேன். ஐ ஈவன் வென்ட் டு ஜிப்ரால்டர்! உம்மாவுக்குத்தான் தெரியாது."

ஜிப்ரால்டருக்கே போயிருக்கிறாள். நான் மேப்பில்தான் பார்த்திருக்கிறேன். "ஆல் தி பெஸ்ட்மா" என்றேன். வேறென்ன சொல்வது?

மார்ச் 9

லத்தீஃபாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"சூதாட்டமா? இத்தன வருஷமா இந்தக் காசுலயா எனக்குச் சோறு போட்டீங்க?"

"நான் ஆடலையே. வரிதானே..."

"பேசாதீங்க."

இரண்டு மணி நேரம் கழித்து அவளே வந்தாள். "அந்தப் புள்ளைக்கு வேலை கிடைச்சா நமக்கு என்ன ஆகும்?"

"கிரீன் கார்டு அவ்வளவுதான். விசா முடிஞ்சதும் மூட்டை கட்ட வேண்டியதுதான்."



மார்ச் 11, ஞாயிறு

என்னிடம் சொல்லாமல் ஆலனுக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். திரும்பி வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"தஹ்ஸீன் ஆன்ட்டி கிட்ட சொல்லிட்டேன். அது சூதாட்டக் கம்பெனி வேலை, ஹராம், வயசுப் பொண்ண அங்க அனுப்பாதீங்கன்னு. நீங்க வேற பிரிவுன்னும் சொல்லிட்டேன்."

"அடிப்பாவி! நீயா சொன்ன?"

"ஏன், ஹராம் இல்லையா?"

மார்ச் 13

ஹஃப்சா விலகிக்கொண்டாள். உம்மா அழுது ஆர்ப்பாட்டம் செய்தார்களாம். கிருபைராஜ் வந்து கை குலுக்கினார். எனக்கும் சந்தோஷம்தான். சீ, என்ன மனுஷன் நான்!

ஆகஸ்ட் 19, ஞாயிறு

போன வாரம் லேபர் அப்ரூவல் வந்தது, கார்டுக்கு முதல் படி தாண்டியாச்சு. யாருக்கும் சொல்லவில்லை.

இன்று தஹ்ஸீன் ஆன்ட்டி வீட்டில் விருந்து. வந்தவர்களிடமெல்லாம் லத்தீஃபாவைக் காட்டி, "எம் பொண்ண ஹராம்லேருந்து காப்பாத்துன புள்ள இவதான்" என்று சொல்லிச் சொல்லி அவள் தட்டில் கறித்துண்டாகப் பொறுக்கி வைத்தார்கள். இவள் குனிந்த தலை நிமிரவில்லை. ஹஃப்சா இன்னும் வீட்டில்தான் இருக்கிறாள். எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "அங்கிள், இஃப் யூ ஹியர் ஆஃப் எனிதிங்..." என்றாள். பிரியாணித் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில், எங்கள் தெருவில் திரும்பும்போது லத்தீஃபா சொன்னாள்.

"நாளைக்கே அந்தப் புள்ளைக்கு ஒரு வேலை பாருங்க. ஹலாலா இருந்தா நல்லது. இல்லாட்டியும் பரவால்ல."