கார் பெட்டியில் ஒரு வெள்ளைக் கோடு

திங்கள், ஜூன் 9

காலையிலேயே வெயில். கடை திறந்து ஐம்பது நாள். இதுவரை வந்தவை: மிக்ஸி, ரிமோட், ஃபேன் ரெகுலேட்டர், மறுபடி மிக்ஸி. அண்ணனுடைய டிவி கடையில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்துவிட்டு, வெண்ணந்தூரில் தனியாக உட்கார்ந்தது இதற்குத்தானா?

மதியம் ஒரு போன். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. முதலாளி பெரியசாமி.

"ஏனுங்க அம்மிணி, பழைய டிவி டியூப் வேலை நீங்க நல்லாப் பாப்பீங்கன்னாங்க. நம்மகிட்ட ஒரு கார் வீடியோ கேம் பெட்டி கெடக்குது. படம் வர்றதில்லீங்க."

லாரி தயாராகும்வரை டிரைவர்கள் நாலைந்து நாள் அங்கேயே காத்திருப்பார்களாம். அவர்களுக்காக, மூடிப்போன ஒரு பொருட்காட்சியில் வாங்கிய பழைய பெட்டி. ஸ்டீயரிங், பெடல் எல்லாம் உண்டாம்.

கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார். "உங்கண்ணன் பாத்துட்டாருங்க. பார்ட்ஸ் கெடைக்காது, டியூப்பைக் கழட்டிட்டு பிளாட் டிவி மாட்டிக்கலாம்னாரு. வெள்ளிக்கெழமை வாராரு."

அதற்கு முன்னால் நான் வருகிறேன் என்றேன். வாய் முந்திக்கொண்டது.

செவ்வாய், ஜூன் 10

ராசிபுரத்தில் பஸ் மாறி, கா. 10க்குப் பட்டறை. பையில்: மீட்டர், சால்டரிங் அயர்ன், கண்டென்சர், ஐசி டப்பா, ரப்பர் செருப்பு.

பெட்டி என் உயரத்துக்கு மேல். சுவிட்சைப் போட்டதும் எஞ்சின் சத்தம். திரையில் குறுக்காக ஒரே ஒரு வெள்ளைக் கோடு.

கோட்டைப் பார்த்ததும் சந்தோஷம். கோடு எரிகிறது என்றால் டியூப் சாகவில்லை. படம் மேலும் கீழும் விரிய மறுக்கிறது, அவ்வளவுதான். உடனே வெளிச்சத்தைக் குறைத்தேன். விட்டால் கோடு கண்ணாடியிலேயே பதிந்துவிடும்.

மாணிக்கம் என்று ஒரு டிரைவர், திருச்செங்கோட்டுக்காரர், பின்பக்கம் கையை நீட்டினார்.

"கை வெக்காதீங்ணா! சுவிட்ச் அணைச்சாலும் டியூப்புல கரண்ட் நிக்கும்."

"அடேங்கப்பா, நம்ம லாரியே தேவலைங்க."

இரண்டு கண்டென்சர் மாற்றினேன். கோடு. ஐசி மாற்றினேன். கோடு. மா. 5. பெரியசாமி டீ வாங்கித் தந்தார். குடிக்கவே கூச்சமாக இருந்தது.

புதன், ஜூன் 11

போகவில்லை. கடையில் ஒரு மிக்ஸி. கை வேலை செய்தது, மனசு நாமக்கல்லில்.

அண்ணன் கெட்டவர் இல்லை. சால்டரிங் கற்றுக்கொடுத்ததே அவர்தான். ஆனால் ஆள் வந்தால் என்னைத் திரைச்சீலைக்குப் பின்னால் அனுப்பிவிட்டு, என் வேலையைத் தன் வேலையாகச் சொல்வார். அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிட்டால்? ரசத்தில் உப்புப் போட மறந்தேன். வீட்டுக்காரர் உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டார்.

கைகழுவும்போது சட்டென்று ஒன்று. அது டிவி இல்லை. டிவியை யாரும் பிடித்து ஆட்டுவதில்லை. இந்தப் பெட்டியை லாரி ஓட்டுகிற கைகள் தினமும் திருப்பி உலுக்கியிருக்கின்றன. பார்ட்ஸ் போகவில்லை, உள்ளே எங்கோ ஒரு ஒட்டு விட்டிருக்கிறது.

வியாழன், ஜூன் 12

கா. 9. பெட்டியைப் போட்டுவிட்டு, ஒரு மரக்குச்சியால் சர்க்யூட் பலகையை மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. டியூப் கழுத்தில் இருக்கும் காயிலின் வயர் பலகையில் செருகும் சாக்கெட்டைத் தொட்டதும் கோடு பளிச்சென்று விரிந்து, மறுபடி சுருங்கியது.

அணைத்து, டியூப்பில் நின்ற கரண்டை இறக்கி, பலகையைத் திருப்பி டார்ச் அடித்தேன். சாக்கெட்டின் ஒரு காலைச் சுற்றி முடி போல் விரிசல். பழைய ஈயத்தை எடுத்து, புதிதாக வைத்தேன். இரண்டு நிமிட வேலை!

போட்டேன். சாலை. மலை. நீல வானம். சிவப்புக் கார்.

"வந்துருச்சு! வந்துருச்சு!" மாணிக்கம் வெளியே ஓடினார். வெல்டிங் நின்றது. பட்டறையே பெட்டி முன்னால்.

ஆனால் இடது மூலையில் வானம் ஊதா. பக்கத்திலேயே ஆள் உயரப் பாட்டு ஸ்பீக்கர். அதன் காந்தம் நிறத்தைக் கெடுத்திருந்தது. ஸ்பீக்கரைத் தள்ளி வைக்கச் சொன்னேன். கடையிலிருந்து கொண்டுவந்த, காந்தம் எடுக்கும் வளையக் காயிலைத் திரைமுன் வட்டமாகச் சுற்றி, மெதுவாகப் பின்னால் நகர்ந்தேன். ஊதா கரைந்தது. யாரோ கைதட்டினார்கள். எனக்கு யாரும் கைதட்டியதில்லை இதுவரை.

வெள்ளி, ஜூன் 13

அண்ணன் வருவார் என்று தெரிந்தே போனேன். சரியானதை யாரும் சொல்லவில்லை போல, ஆட்டோவில் பிளாட் டிவியோடு இறங்கினார். திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஐசியா?"

"இல்லீங்ணா. காயில் சாக்கெட்டு. சால்டர் விட்டிருந்துச்சு."

பின்னால் குந்தி, டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தார். எழுந்தபோது முழங்காலில் தூசி. தட்டிவிடவில்லை.

"நான் அவசரப்பட்டுட்டனுங்க," என்றார் பெரியசாமியிடம். "டியூப்பு நல்லாருக்குது. எந்தங்கச்சி கரெக்டாப் புடிச்சிருக்கா." பிறகு என்னிடம், "கடைக்குத் திரும்ப வந்துரு பாப்பா."

"வரலீங்ணா. உங்களுக்கு ஆகாத வேலை இருந்தா வெண்ணந்தூருக்கு அனுப்பி உடுங்க."

சிரித்தார். கோபம் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

மாணிக்கம் ஓட்டினார். பன்னிரண்டு வருடமாக ஒரு விபத்து இல்லாத டிரைவர், ஒரு நிமிடத்தில் மூன்று முறை மலையில் மோதினார். அண்ணன் அதைவிட மோசம். பிறகு நான் உட்கார்ந்தேன். ஸ்கோர் பட்டியலில் நாலாம் இடம்! பெயர் போடச் சொன்னது பெட்டி. மூன்று ஆங்கில எழுத்துக்குத்தான் இடம்.

யு. எம். ஏ. உமா. அளவெடுத்த மாதிரி.