சிலாபத்துக் காரில் நாலாவது ஆள்

ஆவணி 9, திங்கள். காற்று. துணி காயும் நாள்.

பாக்கியம் டீச்சர் தந்த வீட்டுப் பாடம்: தினமும் ஐந்து வரி. யாரும் பார்க்கமாட்டார்களாம். பிழை வந்தால் வரட்டுமாம்.

எழுபத்திரண்டு வயது எனக்கு. கொட்டாஞ்சேனையில் பேக்கரிப் போறணை அடுப்புக்கு முன்னால் வாழ்நாள் போயிற்று. பாண் சுற்றிக் கொடுத்த பத்திரிகைத் தாளில் என்ன இருந்தது என்று ஒரு நாளும் தெரியாது. இப்போது தெரியும். கோயில் மண்டபத்து ஞாயிறு வகுப்பு, தை மாதம் தொடங்கியது.

இன்று வெள்ளவத்தைச் சந்தையடியில் வாசித்தவை: மருந்துக்கடை. முடி திருத்துமிடம். இங்கே குப்பை போடாதே. நல்லெண்ணெய் இங்கு கிடைக்கும். வாசித்துக்கொண்டே நடந்து ஒரு மாமியின் மேல் மோதினேன். அவர் ஏசியதில் பாதி சிங்களம்.

விசயம்: கார் வாங்கப் போகிறோம். சப்பான் கார். அந்த வடமொழி எழுத்து இன்னும் படிக்கவில்லை, ஆகவே சப்பான்.

ஆவணி 10, செவ்வாய். அதே காற்று.

கார் கமலாவுக்காக. என் மனைவி. முழங்கால் இரண்டும் போய்விட்டன, பஸ் ஏற முடியாது, ஓட்டோ குலுக்கினால் அழுகிறாள். ஆனாலும் மாதம் ஒரு முறை கொட்டாஞ்சேனைக்குப் போயே ஆகவேண்டும். பழைய வீட்டுக்காரியிடம் ஒரே கேள்வி: "ஆரும் எங்களைத் தேடி வந்தவையோ?"

வந்ததில்லை. தேடி வருவதென்றால் சின்னவன் ஒருவன்தான். மகளுக்கு இளையவன். வள்ளத்தில் ஆஸ்திரேலியா போகிறேன் என்று போனான். கரையை விட்டதற்கு ஆள் சாட்சி உண்டு. பிறகு ஒன்றும் இல்லை. நாங்கள் வெள்ளவத்தைக்கு, மகளின் பிளாட்டுக்கு வந்தபோது கமலா புது விலாசத்தைப் பழைய வீட்டு வாசலில் ஒட்டச் சொன்னாள். மழையில் போனால் திரும்ப ஒட்டுவார்கள். எத்தனையோ தடவை.

அவன் வள்ளம் ஏறிய ஊர் சிலாபம்.

கார் விற்பவன் இருப்பதும் சிலாபம். மருமகன் சிவா (இனி சி.) கைபேசியில் கண்டுபிடித்தது. கொழும்பில் இப்படிச் சுத்தமான கார் இந்த விலைக்குக் கிடையாதாம். வேறு மாகாணம், பரவாயில்லையாம், பத்திரம் மாற்றலாமாம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் கமலா வெங்காயம் உரித்த கையை நிறுத்தினாள். பிறகு உரித்தாள்.

ஆவணி 11, புதன்.

நாளை போகிறோம். நான், சி., சி.யின் கூட்டாளி ரிஸ்வான். மாளிகாவத்தைப் பிள்ளை, எஞ்சினைக் காதால் பார்ப்பவன்.

மூன்று பேர். கமலா விடுவாளா? மூன்று பேராய்ப் போன காரியம் உருப்படாது. கீழே ஒழுங்கையில் ஒரு கல்லுப் பொறுக்கி வரச் சொன்னாள். நாலாவது ஆள். கழுவி, திருநீறு பூசி, என் சட்டைப் பைக்குள் போட்டாள்.

வழக்கமாக நான் அந்தக் கல்லுக்குக் கந்தையா என்று பெயர் வைப்பேன், அவள் சிரிப்பாள். இந்த முறை அவளே பெயர் வைத்தாள். சின்னவனின் பெயர்.

மகள் சுபா குசினியிலிருந்து: "அம்மா, அது கல்லு."

கமலா: "பேர் இல்லாட்டி அது ஆளோ?"

காரியம் முடிந்த இடத்தில் கல்லைப் போட்டுவிட வேண்டும், வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது. இதையும் சொன்னாள். எனக்குத் தெரியாததா.

ஆவணி 13, வெள்ளி காலை. (நேற்றையது. நேற்றுக் கை ஓடவில்லை.)

புறக்கோட்டையில் பஸ். வத்தளை, நீர்கொழும்பு, பிறகு தென்னை, தென்னை. வழியெல்லாம் பலகை வாசித்தேன். ரிஸ்வான்: "அங்கிள், வாய மூடிக்கொண்டு வாசிக்கத் தெரியாதா?" தெரியாது. அது அடுத்த பாடம்.

கார் விற்கும் சேல் கடலோரம். சொந்தக்காரர் தமிழும் சிங்களமும் கலந்து கதைத்தார், இஞ்சி போட்ட பிளேன் டீ தந்தார். கார் வெள்ளை. ரிஸ்வான் கீழே படுத்துப் பார்த்தான், காது வைத்துக் கேட்டான், தலை ஆட்டினான். திறப்பைப் போட்டுத் திருப்பியதும் உள்ளே ஒரு பெண் பேசினாள். சப்பான் பாசை. அவ்வளவு மரியாதையான குரல். நான் பதிலுக்கு வணக்கம் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

கையெழுத்து போடும்போது சாட்சிக்கு என்னையும் கேட்டார்கள். பெருவிரலை நீட்டவில்லை. எழுதினேன். க. மாணிக்கம். இதற்காகவே சாகாமல் இருந்திருக்கிறேன்.

திறப்பு கைக்கு வந்துவிட்டது, காரியம் முடிந்தது என்று நினைத்தேன். மதிலுக்கு அந்தப் பக்கம் மணல், வள்ளங்கள். கல்லை எடுத்து மதிலின்மேல் வைத்தேன். அது என் சட்டைப் பையில் இருந்து சூடாகியிருந்தது. அவ்வளவுதான், திரும்பி வந்தேன்.

வரும்போது ரிஸ்வான் ஓட்டினான், பக்கத்தில் சி. பின்னால் நான் ஒருவன், மந்திரி மாதிரி. ஊர் தாண்டியிருக்காது, டிங் டிங் என்று ஒரு சத்தம். முன்னால் சிவப்பு விளக்கு. பின் வலது சீட்டில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம்.

நான் இருந்தது இடது பக்கம். பெல்ட் போட்டிருந்தேன்.

சி. திரும்பிப் பார்த்து, "மாமா, பையை எடுங்கோ" என்றார். பை என் மடியில். வலது சீட்டில் ஒன்றும் இல்லை. ரிஸ்வான் ஓரம் கட்டி, வந்து, உள்ளங்கையால் சீட்டைத் தட்டினான். விளக்கு அணைந்தது. நீர்கொழும்பில் திரும்பவும். பிறகு அணையவில்லை. வத்தளை நெரிசலில் அந்த டிங் டிங் மட்டும். எனக்குப் பயம் என்று எழுத மாட்டேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போது காலை மடக்கி வைப்போமே, அப்படி நான் காலை மடக்கி வைத்திருந்தேன். இறங்கும்போதுதான் தெரிந்தது.

வீடு வந்தபோது நல்ல வெளிச்சம். கமலா பல்கனியில் நின்றாள். மேலே போனோம். மேசையில் தேத்தண்ணி தயார். எங்கள் மூன்று பேருக்கும் நாலு கோப்பை.

சி. கேட்டார், சுபாவுக்கா என்று. சுபா வேலையால் வரவில்லை.

"ஒழுங்கைக்குள்ள திரும்பேக்க பாத்தனான். நாலு தலை" என்றாள் கமலா. "மற்றவர் எங்க, கீழயோ?"

ரிஸ்வான் தேத்தண்ணி குடிக்காமல் போய்விட்டான்.

அதே நாள், மத்தியானம்.

கோயிலில் காருக்குப் பூசை. எலுமிச்சம்பழம், தேங்காய், கண்ணாடியில் சந்தனம். பிறகு காலி வீதியில் ஒரு சுற்று. கமலாவின் முதல் ஓட்டம். இடது பக்கம் ஏறினாள். என்னை நடுவில் நெருக்கி இருக்கச் சொன்னாள். வலது பக்கம் அகலமாக வெறும் சீட்.

"ஏன், அங்க இருக்கட்டே?" என்றேன்.

"அவனுக்கு யன்னல் பக்கம்தானே வேணும்."

சப்பான்காரி பேசினாள். கமலா, "ஓம் பிள்ளை" என்றாள். டிங் டிங். கமலா என் மடிக்குக் குறுக்கே எட்டி அந்தப் பக்கத்துப் பெல்ட்டை இழுத்து, வெறும் சீட்டுக்கு மேலால் கொண்டுவந்து, கிளிக் என்று போட்டாள். சத்தம் நின்றது. விளக்கும்.

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் பார்த்துப் பல காலம். எனக்கும் மகிழ்ச்சி, எழுதாமல் இருக்க முடியாது. முதுகு மட்டும் குளிர்ந்தது. ஏசி என்று சொல்லிக்கொண்டேன்.

ஆவணி 15, ஞாயிறு. வகுப்பு.

டீச்சரிடம் கேட்டுப் படித்தேன்: ஜ. ஜப்பான், ஜப்பான், ஜப்பான். ஒரு பக்கம் நிறைய.

டீச்சர் கேட்டார், வேறு என்ன சொல் வரும் இந்த எழுத்தில். ஒன்று வரும். சொல்லவில்லை. எழுதவும் இல்லை.

ஆவணி 16, திங்கள். தூறல்.

இரத்மலானை, ரிஸ்வானுக்குத் தெரிந்த கராஜ். சீட்டைக் கழற்றினார்கள். அடியில் தட்டையாக ஒரு பொருள், பாரம் விழுந்தால் அறிவிப்பது. பழுது இல்லை. கழற்றி மேசையில் வைத்துப் பார்த்தபோதும் ஒழுங்கு. பூட்டிய உடனே டிங் டிங். மெக்கானிக் ஒரு முறை என்னைப் பார்த்தார், ஒரு முறை சீட்டைப் பார்த்தார். சிங்களத்தில் ரிஸ்வானிடம் ஏதோ. கூலி வேண்டாம் என்றுவிட்டார்.

ரிஸ்வான் என்னைத் தனியே கூப்பிட்டான். "அங்கிள், இது பழுது இல்ல. சீட்ல ஆள் ஈந்தாத்தான் லைட் பத்தும். வயர வெட்டினா சத்தம் வராது. வெட்டவா?"

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

ஆவணி 18, புதன்.

கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

சி. வெட்டலாம் என்றார். சுபா உடனே வெட்டு என்றாள், அந்தக் காரில் அவள் ஏறுவதேயில்லை. கமலா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ர பிள்ளை இருக்கிற இடத்தில ஒருத்தரும் கை வைக்காதேங்கோ."

நேற்று அவள் கொட்டாஞ்சேனைக்குப் போயிருக்கவேண்டிய நாள். போகவில்லை. இனி அங்கே போகத் தேவையில்லை, ஆள் வந்துவிட்டான் என்றாள். அதைச் சொன்ன விதம், கடைக்குப் போனவன் வந்துவிட்டான் என்பது போல.

சுபா சுவரோடு சாய்ந்து நின்றாள். சத்தம் போடவில்லை. "அம்மா, உயிரோட இருக்கிறவன் படியேறி வந்து மணி அடிப்பானம்மா."

கீழே ரயில் போனது. இத்தனை வருடம் இந்த வீட்டில் யாரும் சொல்லாத சொல். அவனுக்கு ஒரு திவசம் இல்லை, படத்துக்கு மாலை இல்லை. கமலா விடவில்லை. நானும் அவள் விடாததைப் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

கமலா என் பக்கம் திரும்பினாள். "கல்லை எங்க போட்டனீங்கள்?"

சொன்னேன். மதிலின்மேல், கடல் பக்கம்.

"என்ன சொல்லிப் போட்டனீங்கள்?"

அப்போதுதான் நினைவு வந்தது. கல்லுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை, வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். ஆனால் அவள் வைத்த பெயர், பையில் இருந்த சூடு. வாசலில் யாரை அனுப்பினாலும் நாம் வெறும் 'போ' சொல்வதில்லையே. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"போயிட்டு வா எண்டு சொன்னனான்."

கமலா கதிரையில் இருந்தாள். பிறகு, "ஓம். நீங்கள் கூப்பிட்டபடியால் வந்திருக்கிறான்" என்றாள். பிறகு: "பாவம். எவ்வளவு நாளாய் அங்கயே நிண்டவனோ."

ஆவணி 19, வியாழன்.

வெயில். கமலா காலையில் காருக்குள் போய் இருந்தாள். தனியே. கார் நிறுத்துமிடத்தில், கதவு திறந்தபடி. வலது சீட்டுக்குப் பக்கத்தில். யாரும் கிட்டப் போகவில்லை. காவலாளி மட்டும் என்னிடம் வந்து, "அய்யே, நோனா யாரோட கதைக்கிறா?" என்று பாதி சிங்களம், பாதி தமிழில் கேட்டான். மகனோடு என்றேன். கைபேசியில் என்று நினைத்துப் போய்விட்டான்.

மேலே வந்தாள். முகம் கழுவினாள். "ஐயருக்குக் கோல் எடுங்கோ" என்றாள்.

ஐயர் சொன்னது: கடலோடு போனவர், நாள் தெரியாது, ஆகவே அமாவாசை. தருப்பையில் உருவம் செய்து செய்யலாம். முகத்துவாரம், ஆறு கடலில் சேரும் இடம். வரும் ஞாயிறு அமாவாசைதான்.

வாங்கவேண்டியவை: எள்ளு, பச்சரிசி, வாழைப்பழம், புது வேட்டி. வேட்டி கமலாவே போய் எடுத்தாள். அவனுக்குப் பிடித்த கரை.

ஆவணி 22, ஞாயிறு. அமாவாசை. காற்று விட்டிருக்கிறது.

வகுப்புக்குப் போகவில்லை. டீச்சர் மன்னிக்கவேண்டும்.

காலையில் புறப்பட்டோம். சி. ஓட்டினார், பின்னால் நானும் கமலாவும். சுபா படிவரை வந்தாள், ஏறவில்லை. வேட்டிப் பையை என் மடியில் வைத்துவிட்டு, காரின் வலது கண்ணாடியை ஒரு விரலால் தொட்டாள். நாங்கள் மூன்று பேர் என்று கணக்குப் பார்த்து, கல்லு எடுக்கட்டா என்று கமலாவிடம் கேட்டேன்.

"என்னத்துக்கு? நாலு பேர்தானே."

பெல்ட் போட்டாள், தனக்கு, பிறகு அவனுக்கு. கொட்டாஞ்சேனை வழியாகப் போனோம். பழைய வீட்டு வாசலில் காரை மெதுவாக்கச் சொன்னாள். எங்கள் விலாசத் தாள் ஒட்டியிருந்தது. நான் முதல் முறையாக அதை வாசித்தேன். சுபா எழுதியது, நல்ல கையெழுத்து. கமலா இறங்கி, கிழித்து, மடித்து, இடுப்பில் சொருகிக்கொண்டாள்.

ஆற்று வாயில் சனம். ஐயர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார், சனத்துக்குள் ஒன்றும் கேட்கவில்லை, தாளில் எழுதித் தாங்கோ என்றார். சி. பேனையை எடுத்தார். நான் வாங்கினேன். மூன்று எழுத்து. நடு எழுத்து ஒரு கிழமைக்கு முன் படித்தது. மெதுவாக எழுதினேன், ஐயர் காத்திருந்தார்.

கஜன்.

இங்கேயும் ஒரு தடவை எழுதிவைக்கிறேன். கஜன்.

எள்ளும் தண்ணீரும் என் கையால். உருவத்தை நீரில் விட்டபோது கமலா பக்கத்தில் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றாள், அந்த முழங்காலோடு. வாயைத் திறந்தாள். பழக்கத்தில் 'போயிட்டு வா' வந்துவிடுமோ என்று அவள் வாயையே பார்த்தேன். அவள் ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துச் சொன்னாள்.

"போ, ராசா."

அவ்வளவுதான். மற்றச் சொல்லைச் சொல்லவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

காருக்கு வந்தோம். சி. திறப்பைத் திருப்பினார். ஜப்பான்காரி சொல்லவேண்டியதைச் சொன்னாள். பிறகு நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம். வலது பெல்ட் போடவில்லை, தொங்கிக்கொண்டிருந்தது. சத்தம் இல்லை. விளக்கு இல்லை.

சி. காரை எடுக்கப் பார்த்தார். கமலா, நில்லுங்கோ தம்பி என்றாள். கதவைத் திறந்து, என் தோளைப் பிடித்து இறங்கி, ஆற்றங்கரையில் குனிந்து ஒரு கல்லுப் பொறுக்கினாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள். பெயர் ஒன்றும் வைக்காமல் என் சட்டைப் பைக்குள் போட்டாள்.