கடைசி வீட்டுத் தண்ணீர்

மார்ச் 9

இன்று இன்ஜினீயர் வந்தார். எங்கள் ஊரை நகரத்தோடு சேர்த்து நாலு மாதம் ஆகிறது. ஊர்ப் பலகையை மறுநாளே மாற்றியவர்கள், சாக்கடையைப் பற்றிப் பேச இப்போதுதான் வருகிறார்கள். இனி மலக்குழி அள்ள லாரி வராதாம். குழிகளை மூடிவிட்டு எல்லா வீடும் நகரக் குழாயில் சேர வேண்டுமாம். தெருத்தலைவி என்று என்னைத் தேர்ந்தெடுத்தாலும் எடுத்தார்கள், எல்லாத் தலைவலியும் என் வாசலில்தான்.

அவருக்குச் சாப்பாடு போட, பக்கத்து வீட்டுக் குல்சுன் வந்து சமையலறையில் மாவு பிசைந்து தேய்த்துக் கொடுத்தாள். அவள் புருஷன் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருக்கிறான். இரண்டு பெண் குழந்தைகளோடு தெருவின் கடைசியில், பள்ளத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். கூப்பிடாமலே வந்து ஒத்தாசை செய்கிற பெண்.

இன்ஜினீயர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, என் முற்றத்தைக் குறுக்கே வெட்டிக் கீழ் ரோட்டுக்குக் கொண்டுபோவது. எல்லா வீட்டுக்கும் நல்ல வாட்டம் கிடைக்கும். இன்னொன்று மேட்டுச் சந்து வழி. கடைசி வீட்டுக்கு மட்டும் வாட்டம் போதாது. முற்றத்தில் போன அக்டோபரில்தான் டைல்ஸ் போட்டோம். ஜூனில் என் மகன் அசாத்தின் கல்யாணம். பந்தலை எங்கே போடுவேன், சாக்கடைப் பள்ளத்தின் மேலா?

அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி வைத்துக்கொண்டே, "மேட்டுச் சந்தே இருக்கட்டும் தம்பி" என்றேன்.

"கடைசி வீடு?"

"அவ சமாளிச்சுக்குவா."

கழுவுகிற மீனில் நழுவுகிற மீன் அந்த ஆள். "தெருவே சொன்னா எனக்கென்ன" என்று சிரித்தார். தெரு எங்கே சொன்னது? நான்தான் சொன்னேன்.

மார்ச் 10

நன்றாகத்தான் தூங்கினேன். இதை ஏன் எழுதி வைக்கிறேன்?

ஏப்ரல் 20

நகரம் குழாய் மட்டும் கொடுத்தது. பள்ளம் தோண்டுவது நம் பாடு. அஷார் கூட்டினேன்; வீட்டுக்கு ஒரு ஆள், சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு. குல்சுன் வீட்டில் ஆம்பளை இல்லை. அவளே மண்வெட்டியோடு வந்துவிட்டாள். சதீர்பாய் கிழவர் விடுவாரா? "உன் புருஷன் மாஸ்கோவுல தோண்டுறான், நீ இங்க தோண்டு. நல்ல குடும்பம்தான்!" எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, என் வீடு பள்ளமா இருக்கே. தண்ணி மேல ஏறுமா?"

"எல்லாம் பாத்தாச்சு குல்சுன்."

சரி என்று ரொட்டியைப் பிய்த்துத் தின்றாள். நான் எழுந்து மற்றவர்களுக்குப் பரிமாறப் போனேன்.

மே 15

குழாய் திறந்தாயிற்று. ஆடு வெட்டினார்கள். தெருவே சேர்ந்து மரியாதையாக எனக்கு ஒரு பட்டுத் தலைத்துணி கொடுத்தது. யார் கட்டிவிடுவது என்றபோது எல்லாரும் குல்சுனைத் தள்ளிவிட்டார்கள். பின்பக்கம் முடிச்சுப் போடும்போது அவள் விரல் என் பிடரியில் பட்டது, குளிர்ந்திருந்தது. "நல்லா இருங்க அக்கா" என்றாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை.

ஜூன் 28

அசாத்தின் கல்யாணம். முற்றம் நிறைய ஜனம். டைல்ஸ் பளபளவென்று இருந்தது, பார்த்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். குல்சுன் காலையிலிருந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஒரு தடவை வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள், பாவாடை ஓரம் நனைந்திருந்தது. என்னடி என்றேன். "சின்னவ தண்ணியக் கொட்டிட்டா அக்கா." மறுபடியும் உட்கார்ந்து கழுவத் தொடங்கிவிட்டாள்.

ஜூன் 29

கல்யாணக் கறியைக் கிண்ணத்தில் போட்டு அவள் வீட்டுக்கு எடுத்துப் போனேன். நாற்றம் வேலிப் படலையிலேயே வந்தது.

என் வீட்டு விருந்தில் கழுவியது, கொட்டியது, கழித்தது எல்லாம் நேற்று அவள் கக்கூஸ் வழியாகவும் அடுக்களை வழியாகவும் மேலே வந்து வீடு முழுக்க நின்றிருக்கிறது. அவள் அம்மா சீராகக் கொடுத்த கம்பளி விரிப்பு வேலியில் தொங்கியது. மூன்று தடவை அலசினாளாம். சிவப்புப் பூவெல்லாம் பழுப்பாகிவிட்டது.

"நேத்தே ஏன்டி சொல்லல?"

"கல்யாண வீட்டுல போய் இதைச் சொல்லுவாங்களா அக்கா?"

ஐயோ. நேற்று அவள் கழுவக் கழுவ, அந்தத் தண்ணீரே அவள் வீட்டுக்குள் ஏறிக்கொண்டிருந்ததே. அது தெரிந்தும் திரும்பி வந்து கழுவினாளே!

ஜூலை 2

இன்ஜினீயருக்குப் போன் செய்தேன். "அன்னைக்கே சொன்னேனேம்மா" என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் குபாத் கேட்டுவிட்டார். "அடியே சூரா, தெரு முடிவுன்னுதானே என்கிட்ட சொன்ன?" அவர் எழுந்து வெளியே போய்விட்டார். திட்டியிருந்தாலாவது தேவலை.

ஜூலை 7

குல்சுன் வீட்டில் மறுபடியும் சாக்கடை மேலே வந்துவிட்டது. சின்னவளுக்கு வாந்தி, காய்ச்சல். ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். பழைய குழியும் இல்லை. அதை மூட வைத்ததும் நான்தான். வீட்டை விற்றுவிட்டு அம்மா ஊருக்கே போய்விடுகிறேன் என்கிறாள் குல்சுன். யார் வாங்குவார்கள் அந்த வீட்டை?

கடை வாசலில் சதீர்பாய் கிழவர், "பள்ளத்துல வீட்டைக் கட்டினது அவ மாமனார் செஞ்ச தப்பு" என்றார். நான் தலையாட்டினேன். ஆமாம், ஆட்டினேன், பாவி! செத்துப்போன மனிதர் மேல் பழியைப் போட்டுவிட்டு உப்பு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூலை 10

குழந்தை பிழைத்துக்கொண்டது. இன்று தண்ணீர் குடித்தாளாம்.

குபாத்திடம் சம்மட்டி எங்கே என்று கேட்டேன். ஏன் என்று கேட்காமல் எடுத்துக் கொடுத்தார். முதல் டைல்ஸை நானே உடைத்தேன்.

ஜூலை 14

மறுபடியும் அஷார். கடைசி வீட்டிலிருந்து என் முற்றத்தின் குறுக்கே கீழ் ரோட்டுக்கு. புது மருமகள் ஒன்றும் புரியாமல் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

புகழ ஆரம்பித்துவிட்டார்கள். "சூராவுக்கு மனசு பெருசுப்பா, பளிங்கு மாதிரி முற்றத்தை உடைச்சுக் குடுத்துட்டா!" கிழவர் இன்னொரு தலைத்துணிக்கு வசூல் பண்ணலாம் என்கிறார். குல்சுன் பள்ளத்துக்குள் இடுப்பளவு நின்று மண் அள்ளிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்படியே போயிருக்கும். என்னால் முடியவில்லை.

"ஒரு மனசும் பெருசில்ல. மார்ச்லயே இன்ஜினீயர் இந்த வழியத்தான் சொன்னாரு. கல்யாணத்துக்கு முற்றம் வேணும்னு நான்தான் வேணாம்னேன். கடைசி வீட்டுக்கு வாட்டம் வராதுன்னு தெரிஞ்சேதான் சொன்னேன்."

மண்வெட்டிகள் நின்றுவிட்டன. குல்சுன் மட்டும் நிறுத்தவில்லை.

"குல்சுன்..."

"எனக்குத் தெரியும்." மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு உங்க சமையக்கட்டுல மாவு தேய்ச்சது யாரு? 'அவ சமாளிச்சுக்குவா'ன்னீங்க."

"தெரிஞ்சுமா என்கிட்ட வந்து, தண்ணி ஏறுமான்னு கேட்ட?"

"நீங்களே சொல்லிருவீங்கன்னு நெனச்சேன். தலைத்துணி கட்டும்போதும் நெனச்சேன்."

அவள் குரல் ஏறவே இல்லை. நாலு வார்த்தை கத்தியிருக்கலாம். நானும் பள்ளத்துக்குள் இறங்கினேன். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். சாயங்காலம் வரைக்கும் இருவரும் மண் அள்ளினோம்.

ஜூலை 16

தலைத்துணியைத் திருப்பிக் கொடுத்தேன். தெருத்தலைமையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யாரும் இருங்கள் என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 3

முற்றத்தில் குறுக்கே ஒரு சிமெண்ட் பட்டை. அதே நிற டைல்ஸ் கிடைக்கவில்லை. மருமகள் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள்.

காலையில் மேன்ஹோல் பக்கம் பெருக்கும்போது அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. குல்சுன் வீட்டுத் தண்ணீர். துடைப்பத்தோடு அப்படியே நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் படலைக்கு வந்தாள். இந்த மூன்று வாரத்தில் முதல் தடவை. அக்கா என்று கூப்பிடவில்லை.

"உப்பு இருக்கா?" என்றாள்.

உள்ளே ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன்.